கடல் எத்தனை மீனைத் தாங்கும்?

வடபகுதிக் கரையோரக் கிராமங்களில் இரண்டு கடற்றொழிலாளர்கள் சந்தித்துக்கொண்டால், பேச்சு கடைசியில் மீன்பாட்டில்தான் வந்து நிற்கிறது. மீன்பாடு குறைந்துவிட்டது. பிடிபடும் மீனும் சிறுத்துவிட்டது. சில நாட்களில் எண்ணெய்ச் செலவுக்கே காணாது. காரணம் கேட்டால் பல பதில்கள் வரும்: இந்திய இழுவைப் படகுகள், உள்ளூரில் பாவிக்கப்படும் தடைசெய்யப்பட்ட வலைகள், கூடிப்போன வள்ளங்கள், மாறிப்போன பருவகாலம். ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு.

தீர்வுகளும் பல சொல்லப்படுகின்றன. சில மாதங்கள் தொழிலை நிறுத்தி வைப்போம் என்கிறார்கள் சிலர். இழுவைமடியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். குஞ்சுகளைக் கடலில் விடலாம், பண்ணைகள் போடலாம் என்ற யோசனைகளும் உள்ளன. இவற்றில் எது மீனைத் திரும்பக் கொண்டுவரும், எது கொண்டுவராது?

இதற்கு விடை காண, ஓர் உயிரினத்தின் எண்ணிக்கை எப்படிப் பெருகுகிறது, அதை எது தடுத்து நிறுத்துகிறது என்ற அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். சூழலியலில் இதைக் குடித்தொகை வளர்ச்சி என்பார்கள்.

இரட்டிப்பின் வேகம்

குளங்களில் படரும் சல்வீனியாவை எடுத்துக்கொள்வோம். வெயிலும் சத்தும் கிடைத்தால் அது சில நாட்களிலேயே இரண்டு மடங்காகும். வாரம் ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குளத்தின் ஒரு மூலையில் கிடக்கும்போது யாரும் அதைக் கவனிப்பதில்லை. பாதிக் குளம் மூடியபின்தான் ஊர் கூடிக் கதைக்கிறது. ஆனால் பாதி மூடிய குளம் முழுவதும் மூட, மிச்சம் இருப்பது ஒரேயொரு வாரம்.

மீனிலும் இதே கணக்குத்தான். 100 மீன்கள் ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்தால் 10 ஆண்டுகளில் 1,02,400 ஆகும். 20 ஆண்டுகளில் 10 கோடியைத் தாண்டும். ஆங்கிலேய அறிஞரான தோமஸ் மல்தஸ் 1798இல் இந்த இரட்டிப்பைக் காட்டித்தான், உயிர்கள் பெருகும் வேகத்துக்கு உணவு ஈடுகொடுக்காது என்று எழுதினார்.

உண்மையில் எந்தக் கடலும் இப்படி மீனால் நிரம்பி வழிவதில்லை. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு மீனுக்கும் கிடைக்கும் இரை குறைகிறது. இரை குறைந்தால் வளர்ச்சி குன்றும், முட்டை குறையும், நோய் கூடும், குஞ்சுகள் சாகும். ஒரு கட்டத்தில் பிறப்பும் இறப்பும் சமமாகி எண்ணிக்கை நின்றுவிடும். பெல்ஜிய நாட்டுக் கணிதவியலாளர் பியர் பிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட் 1838இல் இதை ஒரு சமன்பாடாக எழுதினார். ஓரிடம் நிலையாகத் தாங்கக்கூடிய அந்த உச்ச எண்ணிக்கையை இன்று தாங்குதிறன் என்கிறோம்.

உணவு மட்டும் போதாது

வளம் என்றதும் உணவுதான் நினைவுக்கு வரும். ஆனால் ஓர் உயிருக்குத் தேவையான பலவற்றில் எது ஆகக் குறைவாக இருக்கிறதோ, அதுவே எல்லையைத் தீர்மானிக்கும். ஜேர்மனிய வேதியியலாளர் லீபிக் 19ஆம் நூற்றாண்டில் பயிர்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கருத்தைப் பரப்பினார். வயலுக்கு ஒரு சத்து போதாவிட்டால், மற்றச் சத்துகளை எவ்வளவு கொட்டினாலும் விளைச்சல் கூடாது.

பச்சைக்கிளி இதற்கு நல்ல உதாரணம். ஊரில் பழமும் தானியமும் எவ்வளவு இருந்தாலும், முட்டையிடப் பொந்து இல்லாவிட்டால் கிளி பெருகாது. எங்கள் பகுதியில் கிளி விரும்பித் தேடுவது பட்டுப்போன பனையின் பொந்தை. போரில் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்ட பனைகளும், செல்பட்டுத் தலையிழந்து நின்ற பனைகளும் எத்தனை என்பது எல்லோருக்கும் தெரியும். தலையிழந்த பனை சில காலம் கிளிக்கு வீடாகும், பிறகு விழுந்துவிடும். அந்த இடத்தில் இன்று நடும் விதை முதிர்ந்து பொந்து விழும் மரமாகப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

கடலிலும் அப்படியே. ஓரா போன்ற மீன்களுக்குக் கடற்புல்லே உணவு. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பெரிய மீனின் வாயில் அகப்படாமல் ஒளிந்து வளர்வது அந்தப் புற்படுக்கைகளில். அடியில் புல்லும் பாரும் இருக்கும்வரைதான் அந்தக் கடல் அத்தனை மீனைத் தாங்கும். அடித்தளம் சிதைந்தால் தாங்குதிறனும் இறங்கும்.

வளத்தைத் தின்று தீர்த்த மான்கள்

தாங்குதிறன் இறங்கினால் என்ன நடக்கும் என்பதை அலாஸ்காவுக்கு அப்பால், பேரிங் கடலில் உள்ள சென். மத்தியூ என்ற தீவில் நேரடியாகவே பார்த்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே நிலைகொண்டிருந்த அமெரிக்கக் கரையோரக் காவற்படையினருக்கு அவசர உணவாக இருக்கட்டும் என்று, 1944இல் ரெயின்டீர் எனப்படும் பனிமான்கள் 29 கொண்டுவந்து விடப்பட்டன. போர் முடிந்தது, படையினர் போய்விட்டார்கள். மான்களை வேட்டையாட அங்கே மனிதரும் இல்லை, ஓநாயும் இல்லை. நிலத்தைப் போர்த்தியிருந்த இலைக்கன் குளிர்காலத்துக்கு வேண்டிய தீனியாக இருந்தது.

1957இல் உயிரியலாளர் டேவிட் க்ளைன் அங்கு போனபோது 1,350 மான்கள் இருந்தன. 1963இல் 6,000. மான்களின் உடல் எடை அப்போதே குறையத் தொடங்கியிருந்தது. இலைக்கன் பல இடங்களில் அடியோடு மேயப்பட்டிருந்தது. அந்த ஆண்டு வந்த கடுங்குளிர்காலத்தை மந்தை தாங்கவில்லை. 1966இல் மீண்டும் போனபோது உயிரோடு இருந்தவை 42. அவற்றில் கிடா ஒன்றே ஒன்று, அதுவும் இனம்பெருக்கும் நிலையில் இருக்கவில்லை. 1980களில் தீவில் ஒரு மானும் இல்லை.

இலைக்கன் மிக மெதுவாக வளர்வது. ஆண்டுதோறும் அது வளரும் அளவை மட்டும் மான்கள் தின்றிருந்தால் ஒரு சிறு மந்தை அங்கே நெடுங்காலம் வாழ்ந்திருக்கும். அவை தின்றது பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த முதலை. மந்தை பெருகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தீவின் தாங்குதிறன் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கணக்கை மனிதருக்கு அப்படியே பொருத்திப் பஞ்சத்துக்கும் பட்டினிக்கும் மக்கள்தொகையே காரணம் என்று சொன்னவர்கள் உண்டு. மான்களின் தீவில் உணவை மறிக்க யாரும் இருக்கவில்லை. மனிதரிடையே உணவு இருந்தும் அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதை விலையும் அதிகாரமும் தீர்மானிக்கின்றன. 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் இதையே சொன்னார். 1990களின் பொருளாதாரத் தடையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு அலைந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே இனி வரும் கணக்கு மீனுக்கானது.

எவ்வளவு எடுக்கலாம்?

ஒரு குடாவின் தாங்குதிறன் 10,000 மீன் என்று வைத்துக்கொள்வோம். நெருக்கடி இல்லாதபோது அவை ஆண்டுக்கு 40 வீதம் பெருகக்கூடியவை. வெர்ஹுல்ஸ்டின் சமன்பாட்டில் இந்த எண்களைப் போட்டால் கிடைப்பது இது:

குடாவில் 1,000 மீன்தான் இருந்தால் ஓர் ஆண்டில் புதிதாகச் சேர்வது 360. தாய்மீன் குறைவு என்பதால் சேர்வதும் குறைவு. 9,000 மீன் இருந்தாலும் சேர்வது அதே 360தான். அங்கே இரைக்குப் போட்டி. நடுவில், 5,000 மீன் இருக்கும்போது, ஆண்டுக்கு 1,000 சேரும். அதுவே உச்சம். அந்த 1,000ஐ ஒவ்வோர் ஆண்டும் பிடித்தால் அடுத்த ஆண்டும் 5,000 இருக்கும்.

இப்போது ஆண்டுக்கு 1,200 பிடிக்கிறோம் என்று வையுங்கள். 200 மீன்தானே கூட. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகும் கடலில் 3,950 மீன் இருக்கும். பிடிப்பும் குறையாது, சந்தையும் வழமைபோல நடக்கும். பத்தாம் ஆண்டின் முடிவில் 2,400 அளவுக்கு இறங்கும். அதன்பிறகு சரிவு வேகம் பிடிக்கும். பதின்மூன்றாம் ஆண்டின் முடிவில் 640. பதினான்காம் ஆண்டில் பிடிக்க வேண்டிய 1,200 கடலில் இல்லை.

இது ஒரு வகை இழப்பு. இதற்குப் பரிகாரம் உண்டு. கொஞ்சம் மீன் மிஞ்சியிருக்கையில் சில ஆண்டுகள் கையை எடுத்தால் அவை மீண்டும் பெருகும்.

இரண்டாவது வகை வேறு. மீனை அளவோடுதான் பிடிக்கிறோம், ஆனால் பிடிக்கும் முறை அடித்தளத்தைச் சிதைத்துத் தாங்குதிறனை 10,000இலிருந்து 5,000ஆக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஆண்டுக்குச் சேரும் உச்ச அளவு 500தான். முன்பு பாதுகாப்பாக இருந்த 1,000 மீன் பிடிப்பு இப்போது கடலை வெறுமையாக்கும். எத்தனை மாதம் தொழிலை நிறுத்தினாலும் எண்ணிக்கை 5,000ஐத் தாண்டாது, ஏனென்றால் மிச்ச மீனுக்கு இரையும் இடமும் இல்லை.

கடற்படுகையில் இழுவைமடி செய்யும் வேலை இந்த இரண்டு இழப்புகளையும் ஒன்றாகக் கொண்டுவருகிறது. பாரமான பலகைகளோடு அடியை வறுகிக்கொண்டு போகும் மடி, பெரிய மீனையும் குஞ்சையும் சேர்த்து அள்ளுகிறது. கூடவே புல்லையும் பாரையும் பெயர்க்கிறது.

போர் ஓய்வு கொடுத்த கடல்

கடலை விட்டுவிட்டால் மீன் திரும்புமா? இதற்கு வரலாற்றில் கிடைத்த தெளிவான சான்று ஒரு போர்க்காலத்தில் இருந்து வந்தது.

முதலாம் உலகப் போரின்போது இத்தாலிக்குக் கிழக்கே உள்ள ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடி பெரிதும் நின்றுபோனது. போருக்குப் பின் உம்பர்ட்டோ டங்கோனா என்ற இத்தாலிய விலங்கியலாளர் துறைமுகச் சந்தைகளின் பழைய பதிவுகளைப் புரட்டினார். இன்று குரோசியாவில் ரியேக்கா என்று அழைக்கப்படும் ஃபியூமே துறைமுகத்தில், மொத்த மீன்பாட்டில் சுறா, திருக்கை இனங்களின் பங்கு 1914இல் 11.9 வீதம். 1918இல் அது 36.4 வீதம். மீன்பிடி பழையபடி தொடங்கியபின் 1923இல் 10.7 வீதத்துக்கு இறங்கியது.

மனிதர் பிடிக்காமல் விட்டபோது மற்ற மீன்களைவிடச் சுறாவும் திருக்கையும் ஏன் இவ்வளவு பெருகின? டங்கோனா இந்தக் கேள்வியைக் கணிதமேதை வீட்டோ வொல்டெராவிடம் கொண்டுபோனார். அவர் 1926இல் விடையைச் சமன்பாடுகளாக வெளியிட்டார். சுறாவுக்கு வளம் என்பது சிறிய மீன். வலை நின்றதும் சுறாவைப் பிடிப்பவரும் இல்லை, அதன் இரையைப் பிடிப்பவரும் இல்லை. இரண்டு பக்கத்தாலும் நன்மை கண்டது தின்னும் இனமே. அமெரிக்காவில் அல்பிரெட் லொட்கா இதற்குச் சற்று முன்பே இத்தகைய சமன்பாடுகளை எழுதியிருந்தார். இன்று அவை இருவர் பெயராலும் அறியப்படுகின்றன.

வடகடலிலும் இதே அனுபவம். இரண்டு உலகப் போர்களிலும் கண்ணிவெடிகளுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் பயந்து படகுகள் முடங்கின. போர் முடிந்து திரும்பியவர்களின் வலையில் நிறையவும் பெரிதாகவும் மீன் விழுந்தது. கூடிய மீன் சில ஆண்டுகளில் பிடித்து முடிந்தது.

எங்கள் கடலில் நடந்தது

வடகிழக்கில் போர் பல பத்தாண்டுகள் கடற்றொழிலை முடக்கியது. கடல்வலயத் தடை, பாஸ், இயந்திர வலுக் கட்டுப்பாடு, நேரக் கட்டுப்பாடு, உயர்பாதுகாப்பு வலயம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கரையோர மக்கள் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தார்கள். வள்ளமும் வலையும் கரையில் கிடந்து இத்துப்போயின. அப்படியானால் ஏட்ரியாட்டிக்கைப் போல, 2009க்குப் பின் திரும்பியவர்களுக்கு ஒரு செழித்த கடல் காத்திருந்திருக்க வேண்டும்.

பாக்குநீரிணையில் அப்படி நடக்கவில்லை. அங்கே முடங்கியது சிறு வள்ளங்களின் தொழில்தான். அந்தக் காலம் முழுவதும் தமிழ்நாட்டின் இழுவைப் படகுகள், உயிராபத்துக்கு நடுவிலும், 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தன. அடித்தளத்துக்கு ஆகக் குறைந்த சேதம் செய்யும் தொழில் நின்றது. ஆகக் கூடிய சேதம் செய்யும் தொழில் தொடர்ந்தது. போர் அந்தக் கடலுக்கு ஓய்வு கொடுக்கவில்லை.

பாக்குநீரிணை மிக ஆழம் குறைந்த கடல். சூரிய வெளிச்சம் அடிவரை போவதால்தான் அங்கே கடற்புல் இவ்வளவு விரிந்து கிடக்கிறது. அதே ஆழமின்மை காரணமாக மடி எட்டாத இடமும் குறைவு. அந்தப் புல்லையே நம்பி வாழும் கடற்பசு, பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்று மட்டும் ஈனும். இப்படி மெதுவாகப் பெருகும் இனத்துக்கு இரையும் குறைந்து, வலையிலும் அகப்பட்டால் மீள்வது மிகக் கடினம். 2022இல் தமிழ்நாடு அரசு தன் பக்கத்துப் பாக்குநீரிணையில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. மீன் பெருகுவதற்கு அந்த இடைவெளி உதவும். ஆனால் மேலே பார்த்த கணக்கின்படி அது முதல்வகை இழப்புக்கான மருந்து. இரண்டு மாத ஓய்வில் மீன் முட்டையிடலாம். பெயர்ந்த புற்படுக்கை அந்த இரண்டு மாதத்தில் முளைத்து விரிந்துவிடாது. தடை முடிந்ததும் அதே மடி அதே அடியை மீண்டும் வறுகும்.

இலங்கை நாடாளுமன்றம் 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டப்படி தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியாவும் பாக்குநீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் தொழிலுக்கு மாற்றும் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆயினும் எல்லைதாண்டிய வருகை நிற்கவில்லை. உள்ளூர் இழுவைமடியும் சர்ச்சையாகவே தொடர்ந்தது.

எல்லையை மட்டும் காத்த கனடா

உள்ளூர் இழுவைமடி ஏன் சிறிய விடயம் அல்ல என்பதற்குக் கனடாவின் நியூபவுண்ட்லாந்து கடல் சாட்சி. கொட் மீனுக்குப் பேர்போன அந்தக் கடலில், 1968இல் வெளிநாட்டு இழுவைக் கப்பல்களின் ஆதிக்கத்தில் ஏறத்தாழ 8 இலட்சம் தொன் பிடிக்கப்பட்டது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. கரையோர மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வெளியேறியவர்களின் இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன.

1992 ஜூலையில் கொட் மீன்பிடி முற்றாக நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 30,000 பேர் தொழிலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் மீன் திரும்பும் என்று நம்பித்தான் தடை போட்டார்கள். அந்தத் தடை நீங்க 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் மீன்வளம் பழைய நிலைக்கு வந்திருக்கவில்லை. பிடிப்பவரின் கொடி மாறினாலும் கடலுக்குக் கணக்கு மாறுவதில்லை.

ஐதாகிப் போனால்

எண்ணிக்கை மிகவும் குறைந்தால் இன்னொரு ஆபத்து வரும். வெர்ஹுல்ஸ்டின் சமன்பாட்டில், இரை தாராளமாக இருந்தால் மிஞ்சிய சிலவும் வேகமாகப் பெருகிவிடும். நடைமுறையில் எல்லா இனங்களும் அப்படியல்ல. அமெரிக்கச் சூழலியலாளர் வாடர் அல்லி 1930களில் இதைக் கவனித்துச் சொன்னார்: சில இனங்களுக்குக் கூட்டமே ஒரு வளம்.

கடலட்டை அப்படியான ஒன்று. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் தண்ணீரில் விடும், கருக்கட்டல் வெளியே நடக்கும். பக்கத்தில் துணை இல்லாவிட்டால் எல்லாம் வீணாகும். ஆகவே ஒரு படுகையில் அட்டை ஐதாகிப் போனால், சேற்றில் இரை நிறைய இருந்தும் அவை பெருகமாட்டா. 2001இல் இந்தியா கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது. எங்கள் பக்கத்தில் பிடிப்பும் பண்ணைகளும் தொடர்கின்றன. பண்ணை பற்றிய வாதத்தில் வருமானத்தோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும். வேலி போடும் இடம் எந்த மீனுக்கு, எந்த இறாலுக்கு வளரும் இடமாக இருந்தது? இயற்கையில் வாழும் அட்டைகளில் இனம்பெருக்கப் போதிய அளவு ஓரிடத்தில் விடப்படுகிறதா?

இனி எதைக் கேட்பது?

இவ்வளவும் சேர்ந்து சொல்வது, மீன்வளத் தீர்வு எதுவாயினும் இரண்டு தனித்தனிக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதே. ஒன்று, கடலில் இருக்கும் மீனில் எவ்வளவு எடுக்கிறோம்? இரண்டு, அந்தக் கடல் எத்தனை மீனைத் தாங்கும் நிலையில் இருக்கிறது? பருவகாலத் தடை, வலைக்கண் அளவு, படகுகளின் தொகை ஆகியவை முதற்கேள்விக்குரியவை. கடற்புல், பார், கண்டல், களப்புக்கு வந்துசேரும் நன்னீர் ஆகியவை இரண்டாவதற்குரியவை. குஞ்சு விடும் திட்டங்கள் இரண்டாவது சரியாக இருந்தால்தான் பலன் தரும். தாங்க இடமில்லாத கடலில் விடும் குஞ்சு, கிடா இல்லாத தீவில் விட்ட தீனியைப் போன்றது.

எல்லைதாண்டும் படகில் வருபவர்களில் பலர் நாட்கூலிக்கு வருபவர்கள். அவர்களுடைய சொந்தக் கரையின் கடல் முதலில் வறண்டதால்தான் அவர்கள் இக்கரைக்கு வருகிறார்கள். இக்கரைக் கடலும் அதே வழியில் போனால் இரண்டு கரைப் பிள்ளைகளுக்கும் தொழில் இராது. பேச்சுவார்த்தை மேசையில் எத்தனை நாள், எத்தனை படகு என்று பேரம் பேசுவதற்கு முன், கடலின் அடித்தளத்தைத் தொடாத தொழில் மட்டுமே அனுமதிக்கப்படும் என்பது இருதரப்புக்கும் பொதுவாக முடிவாக வேண்டும்.

மீன் இன்னும் இருக்கிறது. எங்கே புல் மிஞ்சியிருக்கிறது, எந்தப் பார் உயிரோடிருக்கிறது என்று கரையோரக் கிராமங்களின் மூத்த கடற்றொழிலாளர்களுக்குத் தெரியும். அந்த இடங்களை அவர்களோடு சேர்ந்து வரைபடமாக்கி, முதலில் அவற்றைக் காப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்குப் பெரிய நிதியோ புதிய சட்டமோ வேண்டியதில்லை. கடற்றொழிலாளர் சங்கங்களும் பல்கலைக்கழகங்களும் நீரியல்வளத் திணைக்களமும் ஒரே வள்ளத்தில் ஏறினால் போதும்.